‘இல்லை’ என்று போட்ட ஏழு லட்சம் பேர்

போன இதழில் ஒரு வாசகர், “கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கிற நாட்டில் அரசமைப்புச் சட்டத்தை மக்களிடம் ஓட்டுக்கு விட்டது உண்டா?” என்று கேட்டிருந்தார். “உண்டு. கியூபா, 2019. 86.85 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். தப்பு. வந்த கடிதங்களில் பாதிப் பேர் ‘இதெல்லாம் நாடகம் என்று ஏன் எழுதவில்லை’ என்று திட்டுகிறார்கள், மீதிப் பேர் ‘நாடகம் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள்’ என்று திட்டுகிறார்கள். சரி, இந்த வாரம் முழுக்கக் கியூபாதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முடிவு முன்கூட்டியே தெரிந்த வாக்கெடுப்புக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? நேராக அறிவித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? (விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: யார் ஜெயிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எவ்வளவில் ஜெயிக்கிறார்கள் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. கியூபாவின் முந்தைய அரசமைப்பு 1976 பிப்ரவரி 15 அன்று ஓட்டுக்கு வந்தது. 97.7 சதவீதம் ஆம். இல்லை என்றவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தே ஐம்பத்து நாலாயிரம் சொச்சம், அதாவது நூற்றுக்கு ஒருவர். 43 வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 24-ல், அதே நாடு, அதே கட்சி, அதே மாதிரி ஓட்டுப்பெட்டி. இந்த முறை இல்லை என்றவர்கள் 7,06,400 பேர். ஒன்றுமே எழுதாமல் வெற்றுச் சீட்டைப் போட்டவர்கள் 1,98,674. செல்லாத ஓட்டு 1,27,100. பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்கள் எட்டரை லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 87 லட்சம் வாக்காளர்களில் சுமார் 19 லட்சம் பேர் ஆம் என்று சொல்லவில்லை. தொலைக்காட்சி, வானொலி, நாளிதழ், பஸ், கடைவாசல் என்று திரும்பிய பக்கமெல்லாம் ‘நான் ஆம் என்று வாக்களிக்கிறேன்’ என்ற வாசகம் மட்டுமே இருந்த நாட்டில் நடந்தது இது. இல்லை என்று சொல்ல நினைத்தவருக்குத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். மறுநாள் வெளியிட்ட முதற்கட்டக் கணக்கில் 84.4 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள். சில நாள் கழித்து வந்த இறுதிக் கணக்கில் அது 90.15 ஆகிவிட்டது. போட்டவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை, அதே 78,48,343 தான். பட்டியலில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேர் குறைந்திருந்தார்கள்! வகுத்தல் கணக்கில் மேலே இருப்பதைத் தொடாமல் கீழே இருப்பதைக் குறைத்தால் விடை பெரிதாகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

அப்புறம், எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டீர்களே, அந்த 86.85 பிற்பாடு ஓர் இடத்தில் எடுத்துக் காட்டப்பட்டது. கொஞ்சம் பொறுங்கள், அங்கே வருகிறேன்.

கேள்வி: அங்கே ஓட்டு எப்படிப் போடுவார்கள்? பக்கத்தில் கட்சிக்காரர் நின்று பார்ப்பாரா? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: இல்லை அம்மா, ஓட்டு ரகசியம்தான். தடுப்புக்குப் பின்னால் போய்த் தனியாகத்தான் குறி போட வேண்டும். பெட்டிக்குக் காவல் யார் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள். கழுத்தில் நீலத் துணியோ சிவப்புத் துணியோ கட்டிய, ‘பயனியர்’ என்ற பள்ளிச் சிறுவர் அமைப்பைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நிற்பார்கள். நீங்கள் சீட்டை மடித்து உள்ளே போட்டதும் கையை உயர்த்தி சல்யூட் வைத்து “வோட்டோ!” என்பார்கள். ‘வாக்களித்துவிட்டார்’ என்று அர்த்தம். நம் காதுக்கு ‘ஓட்டோ’ என்று கேட்கும். போலீஸைவிட இது அழகுதான், ஆனால் கழுத்துத் துணி கட்டிய எட்டு வயதுப் பிள்ளையின் சல்யூட்டுக்கு முன்னால் வெற்றுச் சீட்டை மடித்துப் போடுகிறவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும் என்றே நினைக்கிறேன்.

16 வயதிலேயே ஓட்டு உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி முதல் மாலை 6 வரை. சீட்டில் ஒரே கேள்வி: ‘குடியரசின் புதிய அரசமைப்பை நீங்கள் உறுதிப்படுத்துகிறீர்களா?’ கீழே இரண்டு கட்டம், ஆம், இல்லை. ஒன்றில் பெருக்கல் குறி. 229 பிரிவுகள் கொண்ட சட்டம், ஒரு பெருக்கல் குறி! இந்தப் பிரிவு பிடிக்கிறது, அந்தப் பிரிவு பிடிக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. குறி போடக் கொடுப்பது பென்சில். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கலாமே என்ற பயத்தில், ‘பேனா எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று ‘இல்லை’ தரப்பினர் செல்போன் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செல்போனும் புதுசு. கியூபாவில் கைபேசியில் இணையம் வந்ததே 2018 டிசம்பர் 6-ல்தான், வாக்கெடுப்புக்கு மூன்று மாதம்கூட இல்லை. 1976-க்கும் 2019-க்கும் இருக்கும் வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு நான்கு வாரம் முன்பு, ஜனவரி 27 இரவு, ஹவானாவில் ரெக்லா, குவானபகோவா பக்கமெல்லாம் ஒரு சூறாவளிச் சுழல் புகுந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. கூரை போன வீட்டுக்காரர்களும் வந்துதான் ஓட்டுப் போட்டார்கள்.

கேள்வி: தோழருக்கு, அமெரிக்கத் தடையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் கியூபாவைப் பற்றி எழுதுவது நேர்மையா? (கோவையிலிருந்து ஒரு தோழர்)

பதில்: எழுதிவிடுகிறேன். 1962 முதல் அமெரிக்காவின் வர்த்தகத் தடை இருக்கிறது, அதனால் அந்த மக்கள் படும் பாடு நிஜம், அது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2018 நவம்பரில் ஐநா பொதுச்சபையில் 189 நாடுகள் தடையை எதிர்த்து வாக்களித்தன. ஆதரித்து நின்றவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். ஆனால் தோழர், பிரிவு 5-ஐ எழுதியது வாஷிங்டன் இல்லையே. கம்யூனிஸ்ட் கட்சிதான் சமூகத்துக்கும் அரசுக்கும் மேலான வழிநடத்தும் சக்தி என்கிறது அது. பிரிவு 4, சோஷலிச அமைப்பு மாற்ற முடியாதது, அதைக் கவிழ்க்க முயல்பவரை ஆயுதம் ஏந்தியும் எதிர்க்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது. கடைசிப் பிரிவான 229, இதை எந்தக் காலத்திலும் திருத்தக்கூடாது என்று பூட்டுப் போடுகிறது. மக்கள்தான் இறுதி அதிகாரம் என்று சொல்லி மக்களிடம் ஓட்டு வாங்கி, இனி மக்களே நினைத்தாலும் இதை மாற்ற முடியாது என்று எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

கேள்வி: புதிய சட்டத்தில் அப்படி என்னதான் புதுசு? (திருநெல்வேலி)

பதில்: தனியார் சொத்து அங்கீகரிக்கப்பட்டது. குடியரசுத் தலைவருக்கு ஐந்தைந்து வருடமாக இரண்டு தவணைதான், முதல் தவணை தொடங்கும்போது வயது 60 தாண்டியிருக்கக்கூடாது என்றும் இருந்தது, அந்த வயது வரம்பை 2025-ல் எடுத்துவிட்டார்கள். பிடல் காஸ்ட்ரோ ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆண்ட நாட்டில் இது சின்ன விஷயமில்லை. பிரதமர் பதவி திரும்பி வந்தது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி, ஆட்கொணர்வு மனு ஆகியவையும் உள்ளே வந்தன. தாளில்.

கேள்வி: மக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் எழுதினார்கள் என்கிறார்களே, மக்கள் சொல்லி ஒரு வரியாவது மாறியதா? (சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். மாறியது. எது மாறியது, எது மாறவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது.

பிடலின் தம்பி ரவுல் காஸ்ட்ரோ தலைமையில் 33 பேர் கொண்ட குழு வரைவை எழுதியது. 2018 ஜூலையில் தேசியப் பேரவை, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், அதை ஏற்றது. பிறகு வரைவைச் செய்தித்தாள் மாதிரி அச்சடித்து ஒரு பெசோவுக்கு விற்றார்கள். பிடலின் பிறந்தநாளான ஆகஸ்ட் 13-ல் தொடங்கி நவம்பர் 15 வரை தெருவில், தொழிற்சாலையில், கல்லூரியில், கூட்டுப்பண்ணையில் என்று 1,33,681 கூட்டங்கள் நடந்தன. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர்கள் கையில் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் எழுந்து நின்று ‘எத்தனையாவது பிரிவு சரியில்லை’ என்று பேசினார்கள். இதை வெறும் நாடகம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. மொத்தம் 7,83,174 யோசனைகள் வந்தன. வரைவில் சுமார் 60 சதவீதப் பிரிவுகளில் ஏதோ ஒரு மாற்றம் நடந்தது.

வேடிக்கை ஒன்று. ஜூலை வரைவில் ‘கம்யூனிச சமுதாயத்தை நோக்கி’ என்ற சொற்களையே எடுத்துவிட்டிருந்தார்கள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் ‘கியூபா கம்யூனிசத்தைக் கைவிடுகிறது’ என்று தலைப்புப் போட்டன. கூட்டங்கள் முடிந்து வந்த இறுதி வடிவத்தில் அந்தச் சொல் சத்தமில்லாமல் திரும்ப உட்கார்ந்துகொண்டது.

பெரிய சண்டை பிரிவு 68-ல். திருமணம் என்பது ‘இரண்டு நபர்களுக்கு இடையில்’ என்று வரைவு சொன்னது. ஆண், பெண் என்ற சொற்கள் இல்லை, ஆகவே தன்பாலினத் திருமணத்துக்கு வழி திறக்கிறது. 1960-களில் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களைக் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பிய நாடு அது. அந்த அநீதிக்குத் தானே பொறுப்பு என்று பிடல் 2010-ல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அங்கிருந்து இங்கே வந்ததே பெரிய தூரம். ஆனால் மெத்தடிஸ்ட் உள்ளிட்ட சுவிசேஷத் திருச்சபைகள் எதிர்த்துக் கிளம்பின, ‘குடும்பம் கடவுள் படைத்தபடியே இருக்கட்டும்’ என்ற சுவரொட்டிகள் ஹவானா வீட்டுக் கதவுகளில் முளைத்தன. கட்சியின் அனுமதி இல்லாமல் தெருவில் ஒரு சுவரொட்டி ஒட்டப்படுவதே அங்கே செய்தி! கூட்டங்களில் வந்த மொத்த யோசனைகளில் 24.57 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒன்று, இந்த ஒரே பிரிவைப் பற்றி. பெரும்பாலானவை ‘பழையபடி ஆண், பெண் என்றே எழுது’ என்றன. அரசு பின்வாங்கியது. அந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு வருடத்துக்குள் தனியாகக் குடும்பச் சட்டம் கொண்டுவந்து அதையும் மக்கள் வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று எழுதினார்கள்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் ஆயிரக்கணக்கில் யோசனைகள் வந்தன. ஏற்கவில்லை. ஒற்றைக் கட்சி ஆட்சி வேண்டுமா என்பது தனிக் கேள்வியாக ஓட்டுக்கு வரவே இல்லை. இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று மட்டும் ஊரைக் கேட்டு முடிவு செய்யலாமாம். ஓர் ஓரத்தில் இருக்கிற சிறுபான்மையின் உரிமையை ஊர் ஓட்டுக்கு விட்டுவிட்டு, ஊரையே ஆளுகிற கட்சியை மட்டும் ஓட்டுக்கு விடாமல் பத்திரப்படுத்தியதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு ஜீரணமாகாதது.

கேள்வி: சீனா, வியட்நாம், பழைய சோவியத் எல்லாம்? (புதுச்சேரி)

பதில்: அவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, பேரவையோடு சரி. 2018-ல் சீனா அதிபரின் இரண்டு தவணை வரம்பை நீக்கியபோது 2,958 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. அந்த இருவர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை ஆசையாக இருக்கிறது. வியட்நாம் 2013-ல் நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்டது. சோவியத் 1977-லும் அப்படியே. கிழக்கு ஜெர்மனி மட்டும் 1968 ஏப்ரல் 6-ல் மக்களிடம் போனது, சுமார் 96 சதவீதம் ஆம். ஆறு வருடம் கழித்து அதே சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியபோது மக்களைக் கேட்கவில்லை.

கேள்வி: கியூபாவில் மக்களே கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு கேட்க முடியாதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கேட்டார்கள். 1976 அரசமைப்பிலேயே, 10,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் சட்ட முன்மொழிவு வைக்கலாம் என்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்துவார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். ஒஸ்வால்டோ பாயா என்ற கத்தோலிக்கர், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர், பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, அரசியல் கைதிகள் விடுதலை இவற்றை ஓட்டுக்கு விடச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். ‘வரேலா திட்டம்’ என்று பெயர். 2002 மே 10-ல் 11,020 கையெழுத்துகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்த் தேசியப் பேரவையில் கொடுத்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. நான்கு நாள் கழித்து, விருந்தாளியாக வந்திருந்த அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஹவானா பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியில் பேசியபோது இதைக் குறிப்பிட, நேரடி ஒளிபரப்பில்தான் நிறையக் கியூபர்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

அரசு என்ன செய்தது? ஜூனில் அதுவே கையெழுத்து வாங்கக் கிளம்பியது. சோஷலிசம் மாற்ற முடியாதது என்று அரசமைப்பில் எழுத வேண்டும் என்று தெருவுக்குத் தெரு மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். சில நாளில் 81,98,237 கையெழுத்து, வாக்காளர்களில் 99 சதவீதத்துக்கும் மேல்! ஜூன் 26-ல் பேரவை நிறைவேற்றியது. இங்கேதான் கவனிக்க வேண்டும், கையெழுத்து ரகசியம் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் தெருக்காரர், நீங்கள் வரவில்லை என்றால் அவருக்குத் தெரியும். மேஜையில் 99, தடுப்புக்குப் பின்னால் பென்சிலோடு விட்டால் வந்து போட்டவர்களிலேயே 87. அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுவருடம் மார்ச்சில் 75 பேரைப் பிடித்து நீண்ட சிறைத்தண்டனை கொடுத்தார்கள், அவர்களில் பலர் கையெழுத்து வாங்கித் திரிந்தவர்கள். பாயா 2012-ல் கார் விபத்தில் இறந்தார். அதில் கியூப அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையம் 2023-ல் சொன்னது.

கேள்வி: இந்தியாவில் ஏன் அரசமைப்பை ஓட்டுக்கு விடுவதில்லை? (மதுரை)

பதில்: நம் அரசமைப்பில் அதற்கு வழியே இல்லை, திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. 1975-ல் சிக்கிமில் இணைப்பைப் பற்றி ஒன்று நடந்தது. அது வேறு கதை, இன்னொரு வாரம்.

கேள்வி: ஓட்டு முடிந்த பிறகு அந்தப் புதிய உரிமைகளை யாராவது கேட்டுப் பார்த்தார்களா? (சென்னையிலிருந்து ஒரு சட்டக்கல்லூரி மாணவர்)

பதில்: பார்த்தார்கள் தம்பி. சட்டம் படிக்கிற பையன் கேட்க வேண்டிய கேள்விதான். பிரிவு 56, சட்டத்துக்கு உட்பட்டு அமைதியாகக் கூடவும் ஊர்வலம் போகவும் உரிமை தருகிறது. 2021 ஜூலை 11-ல் நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்து, நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போன பிறகு, யூனியோர் கார்சியா என்ற நாடகக்காரரும் நண்பர்களும் அந்தப் பிரிவையே காட்டி நவம்பரில் ஊர்வலம் போக எழுத்தில் அனுமதி கேட்டார்கள். ஒளிந்து மறைந்து இல்லை, மனு எழுதி நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தார்கள். அக்டோபர் 12-ல் பதில் வந்தது: அனுமதி இல்லை. காரணம், உங்கள் நோக்கம் சட்டபூர்வமானது அல்ல; 86.85 சதவீத வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்பு சோஷலிசத்தை மாற்ற முடியாதது என்று வரையறுத்துவிட்டது.

விருதுநகர்க்காரரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது. கார்சியா நவம்பரில் ஸ்பெயினுக்குப் போய்விட்டார்.

கேள்வி: அந்தக் குடும்பச் சட்டம் என்ன ஆயிற்று? (திருச்சி வாசகி)

பதில்: சொன்ன கெடுவைத் தாண்டி, 2022 செப்டம்பர் 25-ல் ஓட்டுக்கு வந்தது. தன்பாலினத் திருமணம், தத்தெடுப்பு, தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை, குழந்தைத் திருமணத்துக்குத் தடை எல்லாம் அதில் உண்டு. 39 லட்சத்துக்கு மேல் ஆம், 19 லட்சத்துக்கு மேல் இல்லை. செல்லுபடியான ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லை! வந்து போட்டவர்களே நூற்றுக்கு 74 பேர்தான். மின்வெட்டு, மருந்து இல்லை, ரொட்டிக்கு வரிசை. இந்த அரசுக்கு எதிராக ஒரு பெருக்கல் குறியாவது போடுவோம் என்று சட்டத்தைப் படிக்காமலே போட்டவர்களும் இருந்தார்கள், மதத்துக்காகப் போட்டவர்களும் இருந்தார்கள், பிரித்துப் பார்க்க வழியில்லை. இரண்டு நாள் கழித்து இயான் புயல் வந்து தீவு முழுவதும் இருளில் மூழ்கியது.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் கியூபராக இருந்திருந்தால் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருப்பீர்கள்? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: 2019-ல் இல்லை. 2022-ல் ஆம், யாரைப் பிடிக்காவிட்டாலும். 2002-ல் மேஜை போட்டுக் கூப்பிட்டபோது? போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். 2019-லும் பேனாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருப்பேன்.